மூன்று நல்ல விஷயங்களை எழுதும் பயிற்சி உயிரற்றுப் போய்விட்டது: எங்கே தவறுகிறேன்?

கேள்வி: கோடிட்ட நோட்டு

அனைவருக்கும் வணக்கம். ஒவ்வோர் இரவும் படுக்கப் போகும் முன், அன்று நடந்தவற்றில் மூன்று நல்ல விஷயங்களை ஒரு நோட்டில் எழுதும் பயிற்சியை இரண்டு மாதங்களாகச் செய்து வருகிறேன். எனக்குப் பெரிய துயரம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வேலைக்குப் போகிறேன், ஒழுங்காகத் தூங்குகிறேன், வீட்டில் எல்லோருடனும் பேசுகிறேன். ஆனாலும் சில ஆண்டுகளாகவே எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் கழிந்துகொண்டிருந்தன. நல்ல செய்தி வந்தால்கூட, அது யாருக்கோ வந்த செய்தியைப் போலத்தான் காதில் விழுந்தது. மருத்துவரைத் தேடிப் போகும் அளவுக்கு இல்லாத இந்த மந்தத்துக்கு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய உளவியல் பயிற்சி ஏதேனும் இருக்குமா என்று தேடியபோதுதான் இது கண்ணில் பட்டது.

முதல் இரண்டு வாரங்கள் நன்றாகவே போயின. பகலிலேயே, "இதை இன்றிரவு எழுதலாம்" என்று மனம் குறித்து வைத்துக்கொள்ளத் தொடங்கியது. எட்டாம் நாள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "மின்தூக்கி பழுது. படியேறும்போது முன்னால் போன முதியவர் எனக்கு வழிவிட ஒவ்வொரு தளத்திலும் நிற்க, அவர் மூச்சு வாங்க நிற்கிறார் என்று நினைத்து நானும் பின்னால் நிற்க, ஐந்தாம் தளத்தில்தான் விஷயம் புரிந்து இருவரும் சிரித்துவிட்டோம்."

நாற்பத்து மூன்றாம் நாளின் பதிவு இது: "1. உடல்நலம். 2. குடும்பம். 3. வேலை." மறுநாளின் பதிவு ஒரே சொல்: "மேற்படி."

சலிப்பு மட்டும் என்றால் நோட்டை மூடிவைத்துவிட்டுப் போயிருப்பேன். அதோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. இத்தனை நல்லவை இருந்தும் உனக்கு ஏன் மகிழ்ச்சி இல்லை என்று அந்த நோட்டே என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கேட்பது போல இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டு வந்தேன். முதல் மாதம் ஆறு, ஏழு என்று இருந்தது, இப்போது ஐந்தைத் தாண்டுவதில்லை.

இந்தப் பயிற்சியைத் தினமும் செய்வது அவசியமா? இதற்கு ஆய்வு ஆதாரம் உண்மையிலேயே உண்டா, அல்லது "நல்லதையே நினை" என்ற பழைய அறிவுரைக்குப் போட்ட புதுச் சட்டைதானா? இதை விட்டுவிட்டு வேறெதையாவது செய்யலாம் என்றால், எதைச் செய்யலாம்? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: படித்துறை

வணக்கம் நண்பரே. உளவியல் பாடத்தைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்குச் சிகிச்சை சொல்லும் தகுதியில் எழுதவில்லை.

உங்களுடைய எட்டாம் நாள் பதிவையும் நாற்பத்து மூன்றாம் நாள் பதிவையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். முதலாவதில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, இரண்டாவதில் இருப்பவை வெறும் தலைப்புகள். "குடும்பம்" என்பது ஒரு நாளில் நடந்த விஷயம் அன்று. அது நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும், அதை எழுதுவதற்கு மனம் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. இந்தப் பயிற்சியின் சாரமே அந்தத் தேடல்தான்.

இது எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் எதை விட்டுவிட்டீர்கள் என்பதும் தெரியும். மார்ட்டின் செலிக்மனும் மூன்று சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இணையம் வழியே சேர்ந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவினர் தங்கள் சிறுவயது நினைவுகளை மட்டும் எழுதினார்கள். பயிற்சி என்ற பெயருக்குச் செய்யும் எதுவும் சற்று நன்மை தந்துவிடும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க வைத்த குழு அது. மூன்று நல்லவற்றை எழுதிய குழுவினருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையில் இரண்டு பகுதிகள் இருந்தன: என்ன நடந்தது என்று எழுத வேண்டும், அது ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். இணையத்தில் கைமாறிக் கைமாறி வந்தபோது இந்த இரண்டாம் பகுதி உதிர்ந்துபோய், முதல் பகுதி மட்டும் எஞ்சிவிட்டது. உங்கள் கேள்வியிலும் அது இல்லை.

ஏன் என்ற கேள்வி வேலை செய்யும் விதத்தை உங்கள் உதாரணத்தைக் கொண்டே சொல்கிறேன். படிக்கட்டுச் சிரிப்பு ஏன் நடந்தது? மின்தூக்கி பழுதானது தற்செயல். ஆனால் முந்திக்கொண்டு போகாமல் நின்றது உங்கள் குணம், வழிவிட நினைத்தது அவர் குணம், ஐந்தாம் தளத்தில் முகம் திருப்பிக்கொள்ளாமல் சிரித்தது இருவரின் விருப்பம். இதை எழுதும்போது நல்லது என்பது வானத்திலிருந்து விழுந்த ஒன்றாக இல்லாமல், நானும் பிறரும் சேர்ந்து உண்டாக்கியதாகத் தெரிகிறது. மனம் சோர்ந்தவர்கள் கெட்டதற்குத் தங்களையும் நல்லதற்கு அதிர்ஷ்டத்தையும் காரணமாகச் சொல்லும் போக்கு உடையவர்கள் என்பது செலிக்மன் அதற்கு முன்பே பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம். அந்தப் போக்கைச் சற்று மறுபுறம் திருப்புவதற்கான உத்தியாகவே நான் இந்தக் கேள்வியைப் பார்க்கிறேன்.

அடுத்தது கால அளவு. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களிடம் கேட்டுக்கொண்டது ஒரே ஒரு வாரம்தான். ஆறு மாதங்கள் கழித்தும் மனநிலை உயர்ந்திருந்தது என்ற முடிவை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். யாரும் வற்புறுத்தாமல் தாங்களாகவே தொடர்ந்து செய்தவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாமாகத் தொடர்வதும் கடமைக்குத் தொடர்வதும் ஒன்றல்ல. சோன்யா லியூபோமிர்ஸ்கியின் குழு நடத்திய ஆறு வார ஆய்வொன்றில், நன்றிக்குரியவற்றை வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை செய்தவர்களுக்குத் தெரியவில்லை. எம்மன்ஸ், மக்கல்லா இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் தினமும் எழுதியவர்களுக்கும் பலன் கிடைத்திருக்கிறது என்பதால், வாரம் ஒருமுறை என்பதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நோட்டில் "மேற்படி" என்ற சொல் வந்த நாளே இடைவெளி விடவேண்டிய நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழகிப்போவது மனத்தின் இயல்பு. புதிய வீட்டின் சன்னல் வழியே தெரியும் காட்சியை முதல் வாரம் நின்று பார்க்கிறோம், மூன்றாம் மாதம் திரைச்சீலையைக்கூட விலக்குவதில்லை. பிரிக்மன், கேம்பெல் இருவரும் இதை 1971-இலேயே கோட்பாடாக எழுதினார்கள். பயிற்சியும் இதற்கு விலக்கில்லை. சன்னலுக்குப் பழகிய மனம் நோட்டுக்கும் பழகும்.

பழகிப்போனதைப் புதிதாக்கிக் காட்ட நான் மாணவர்களுக்குச் சொல்லும் ஒரு மாற்றுப் பயிற்சி உண்டு. உங்கள் வாழ்வில் நிலைத்துவிட்ட ஒரு நல்லதை, அது நடக்காமலேயே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதிப் பாருங்கள். மிஞ்சூங் கூ, டேனியல் கில்பர்ட் முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வுகளில், தம் துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலேயே போயிருந்தால் என்று எழுதியவர்களுக்கே உறவில் நிறைவு கூடுதலாகத் தெரிந்தது. "குடும்பம்" என்று ஒரு சொல்லில் முடித்ததை இந்த வழியில் ஒரு பக்கம் எழுதலாம். அன்றைக்கு அந்தப் பேருந்தை விட்டிருந்தால் யாரைச் சந்தித்திருக்க மாட்டேன், அந்த விண்ணப்பத்தை அனுப்பாமல் இருந்திருந்தால் எந்த ஊரில் யாரோடு இருந்திருப்பேன் என்று போகும். மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், இதுவும் மரத்துவிடும்.

மதிப்பெண் போடுவதை இன்றே நிறுத்துங்கள். அதற்கான காரணத்தை வேறு யாரேனும் எழுதாவிட்டால் பிறகு வந்து எழுதுகிறேன்.

பதில்: எண்ணும் எழுத்தும்

புள்ளியியல் என் தொழில் என்பதால் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். படித்துறை அவர்கள் சொன்ன ஆய்வுகள் எல்லாம் உண்மையில் நடந்தவை. ஆனால் அவற்றின் பலனை எந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம் என்பது தனிக் கேள்வி.

2009-இல் சின், லியூபோமிர்ஸ்கி இருவரும் இத்தகைய 51 பயிற்சி முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்து, நடுத்தர அளவிலான பலன் உண்டு என்று முடிவு கூறினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து வேறு மூவர் அதே தரவை மறுபடி கணக்கிட்டபோது, பங்கேற்றவர் எண்ணிக்கை குறைந்த ஆய்வுகளின் மிகைப்பைக் கழித்துவிட்டால் பலன் மிகவும் சிறியதாகவே எஞ்சுகிறது என்று தெரிந்தது. சிறிய ஆய்வுகளில் நல்ல முடிவு வந்தவை அச்சேறுகின்றன, வராதவை மேசை இழுப்பறையில் தங்கிவிடுகின்றன. இந்தத் துறைக்கு மட்டும் உரிய குறை இல்லை இது.

நன்றியுணர்வுப் பயிற்சிகளை மட்டும் தனியே எடுத்துத் தொகுத்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் கூர்மையானது. எதுவுமே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் பலன் தெரிகிறது. வேறு ஏதோ ஒரு உருப்படியான பயிற்சியைச் செய்தவர்களோடு ஒப்பிட்டால் அந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அதாவது, நாளின் முடிவில் பத்து நிமிடம் உட்கார்ந்து தன்னைப் பற்றி அமைதியாக யோசிப்பதே பாதி வேலையைச் செய்கிறது என்று இதை வாசிக்கலாம். நன்றி, இயற்கைச் சூழல், தியானம், உடற்பயிற்சி, பிறருடன் பழகுதல் ஆகிய ஐந்தும் ஊடகங்கள் ஓயாமல் பரிந்துரைப்பவை. இவற்றின் ஆதாரத்தை 2023-இல் ஃபோக், டன் என்ற இருவர் ஆராய்ந்தபோது, திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்து, போதுமான ஆட்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாகவே கிடைத்தன. பயிற்சிகள் பொய் என்று அவர்கள் சொல்லவில்லை, நிறுவப்பட்டதைவிட அதிகமாக விளம்பரம் நடக்கிறது என்றார்கள்.

விளம்பரத்துக்கு ஓர் உச்சமும் உண்டு. எதிர்மறை உணர்வு ஒன்றுக்கு நேர்மறை உணர்வு 2.9013 என்ற விகிதத்தைத் தாண்டினால் மனிதர் மலர்ச்சி அடைவார் என்று 2005-இல் ஒரு கட்டுரை வந்தது. திரவ ஓட்டத்துக்கான சமன்பாடுகளை மனித உணர்வுக்குப் பொருத்தி, நான்கு தசம இடம்வரை கணக்கிட்டிருந்தார்கள்! பிரவுன், சோகல், ஃபிரீட்மன் மூவரும் 2013-இல் அந்தக் கணிதத்தைப் பிரித்து மேய்ந்த பிறகு, அந்தப் பகுதி செல்லாது என்று இதழே அறிவித்தது. இன்றைக்கும் "மூன்றுக்கு ஒன்று" என்று பயிலரங்குகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். சராசரியில் சிறிய பலன் என்றால் சிலருக்கு நல்ல பலன், பலருக்குச் சிறு பலன், சிலருக்கு ஒன்றுமே இல்லை என்று பொருள். நோட்டு உங்களுக்கு உதவவில்லை என்றால் அது உங்கள் குணக்குறை இல்லை. செலவில்லாத பயிற்சி என்பதால் முயல்வதில் நட்டமும் பெரிதாக இல்லை, குற்றவுணர்வை உண்டாக்காதவரை.

பதில்: மறுகரை

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, படித்துறை ஐயா வருவதற்குள். ஐரிஸ் மாஸ் என்ற ஆய்வாளரின் குழு 2011-இல், ஒரு பகுதியினருக்கு மகிழ்ச்சியாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்று வலியுறுத்தும் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் படக்காட்சிகளைக் காட்டியது. மகிழ்ச்சியான காட்சியைப் பார்த்தபோது, அந்தக் கட்டுரையைப் படித்தவர்களே குறைவாக மகிழ்ந்தார்கள். "நான் இப்போது மகிழ்ந்தாக வேண்டுமே, மகிழ்கிறேனா?" என்று உள்ளே ஒரு மேற்பார்வையாளர் எழுந்து உட்கார்ந்துகொண்டால் காட்சியை யார் பார்ப்பது? விதையைத் தினமும் தோண்டி முளைத்ததா என்று பார்க்கும் கதைதான் உங்கள் மதிப்பெண்.

அளந்தே தீர வேண்டும் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவத்தை மாதம் ஒருமுறை நிரப்புங்கள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் ஐந்து வரை மதிப்பு, கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று வரும். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் பேசுவது நல்லது என்பதற்கான அடையாளமாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கேட்டவர்: கோடிட்ட நோட்டு

மூவருக்கும் நன்றி. "ஏன் நடந்தது" என்ற பகுதி இருப்பதே எனக்குத் தெரியாது. நேற்றிரவு மதிப்பெண் போடாமல், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏன் என்று கேட்டு எழுதினேன். அலுவலகத்தில் என் அறிக்கையில் இருந்த பிழையைச் சக ஊழியர் ஒருவர் கூட்டத்துக்கு முன்பே தனியாக அழைத்துக் காட்டினார். ஏன் என்று கேட்டபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர் புதிதாகச் சேர்ந்திருந்த சமயத்தில் அவருடைய பிழை ஒன்றை நானும் அப்படித்தான் தனியே காட்டினேன் என்பது நினைவுக்கு வந்தது. அதை அவர் மறக்கவில்லை என்பதா, அல்லது இயல்பாகவே அவர் அப்படிப்பட்டவர்தானா, தெரியவில்லை. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். இரண்டு மாதங்களில் இவ்வளவு எழுதியதே இல்லை.

ஐந்து கேள்விப் படிவத்தையும் நிரப்பினேன். ஐம்பத்தாறு வந்தது. கோட்டுக்கு மேலேதான், ஆனால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு நோட்டு எழுதுவதைவிட உறுதியான வேறு வழி உண்டா?

பதில்: மௌன வாசகி

இங்கே பல மாதங்களாகப் படிக்க மட்டுமே செய்பவள், முதன்முறை எழுதுகிறேன். உங்கள் நிலையைத் தாண்டி, மனச்சோர்வு என்று மருத்துவர் பெயர் சொன்ன நிலைவரை போய்த் திரும்பியவள் நான்; அந்த இடத்திலிருந்து சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதலில் கிடைத்த அறிவுரை, கண்ணாடி முன் நின்று என்னைப் பற்றி நல்ல வாக்கியங்களைச் சொல்வது. ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியும் வைத்தேன். "நான் அன்புக்கு உரியவள்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும், உள்ளிருந்து ஒரு குரல் அதை மறுத்து மூன்று சாட்சிகளை அழைத்து வந்தது. நான்காம் நாள் காகிதத்தைக் கிழித்தேன், பசை மட்டும் வெகுநாள் அங்கே இருந்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கு இத்தகைய வாக்கியங்கள் மனநிலையை மேலும் தாழ்த்துகின்றன என்று ஜோவான் உட் என்பவரின் குழு 2009-இல் எழுதியிருப்பதைப் பின்னர்தான் படித்தேன். ஏற்கெனவே தன்னை மதிப்பவர்களுக்குத்தான் அவை கொஞ்சம் உதவுகின்றனவாம். இருப்பவருக்கே இன்னும் கொடுக்கும் பயிற்சி!

எனக்கு உதவியது, ஆலோசகர் சொல்லிக்கொடுத்த எளிய முறை ஒன்று. உற்சாகம் வந்த பிறகு செய்வோம் என்று காத்திருக்காமல், செய்தால் உற்சாகம் பின்னால் வரக்கூடும் என்று முறையைத் திருப்பிப்போடுவதுதான் அது. ஒரு தாளில் வாரத்தின் ஏழு நாட்களையும் மணிவாரியாகக் கட்டம் போட்டு, முதல் வாரம் எதையும் மாற்றாமல், எந்த மணியில் என்ன செய்தேன் என்பதையும், அதில் இன்பம் எவ்வளவு, ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற நிறைவு எவ்வளவு என்பதையும் குறித்துக்கொண்டேன். (மதிப்பெண் போடாதீர்கள் என்று மற்றவர்கள் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். அங்கே நீங்கள் உங்களுக்கே மதிப்பெண் போட்டீர்கள், இங்கே செயலுக்குப் போடுகிறோம். வேறுபாட்டை நான் அனுபவத்தில் உணர்ந்தேன்.) அந்த ஒரு வாரத் தாளே என் கண்ணைத் திறந்தது. ஓய்வு என்று நினைத்துக் கைப்பேசியோடு படுத்திருந்த மாலை மணிகள் இரண்டு வகையிலும் பூச்சியத்தை ஒட்டியே இருந்தன. தோட்டத்தில் களை பிடுங்கிய அரைமணி நேரத்துக்கு நிறைவு ஏழு என்று எழுதியிருந்தேன்; எழுதும்போது அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

இரண்டாம் வாரம் முதல், தாளே காட்டிக்கொடுத்த அத்தகைய செயல்களில் ஒன்றிரண்டை நாளும் மணியும் குறித்துக் கட்டத்தில் எழுதிவைத்து, மனம் வந்தாலும் வராவிட்டாலும் செய்தேன். மிகச் சிறியதாகத் தொடங்க வேண்டும் என்பது ஆலோசகரின் கண்டிப்பு. ஒரு மணி நேர நடைப்பயிற்சி என்று நான் எழுதியதை அவர் அடித்துவிட்டு, "செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை" என்று எழுதினார். அன்றைக்கு அது எனக்கு அவமானமாக இருந்தது, பிறகு நன்றியாக மாறியது. லூவின்சன் என்ற உளவியலாளர் 1970-களில் வளர்த்த முறை இது என்றும், 1996-இல் ஜேக்கப்சனின் குழு ஒப்பிட்டுப் பார்த்தபோது, எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சைக்கு இந்தச் செயல் பகுதி மட்டுமே ஈடுகொடுத்தது என்றும் அவர் சொன்னார்.

இன்னொன்றையும் எச்சரிக்கையோடு சொல்கிறேன். நல்லவற்றை எழுத முடியாமல் போவதற்குச் சில நேரம் காரணம், எழுதப்படாத கெட்டது ஒன்று முன்னால் வழிமறித்து நிற்பதாக இருக்கலாம். பென்னிபேக்கர் 1986-இல் தொடங்கிய எழுத்துமுறை இதற்கானது: தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனத்தை அழுத்தும் நிகழ்ச்சியையும் அதைப் பற்றிய உணர்வையும் நிறுத்தாமல், யாருக்கும் காட்டாமல் எழுதுவது. எழுதி முடித்த உடனே மனம் கனக்கும், இது ஆய்விலேயே பதிவான விஷயம். பலன் உண்டென்றால் பின்வரும் வாரங்களில்தான் தெரியும். ஆனால் ஒரு வேதனை மிகவும் புதியது என்றாலோ, எழுத எழுத அதே இடத்தில் சுழன்று அசைபோடுவதாகத் தோன்றினாலோ நிறுத்திவிடுங்கள். எனக்கு இரண்டாம் நாளே அப்படி ஆகி நிறுத்தினேன். அதை ஆலோசகரின் முன்னிலையில்தான் பின்னர் பேச முடிந்தது.

ஐம்பத்தாறு என்பது இரண்டு மாதங்களில் இறங்கினால், அல்லது தூக்கமும் பசியும் மாறினால், அல்லது இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, நோட்டையும் கட்டத்தாளையும் அப்படியே வைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். பயிற்சியால் சரிசெய்துவிடலாம் என்று நான் வீணாக்கிய மாதங்கள் ஏழு.

பதில்: படித்துறை

அம்மா எழுதியதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. களை பிடுங்கியதற்கு ஏழு என்ற வரியை என் மாணவர்களுக்குச் சொல்ல அனுமதி தர வேண்டும்.

நண்பருக்கு ஒரே ஒரு யோசனை. அந்தச் சக ஊழியரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினீர்களே, அது இப்போது நோட்டில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு ஆய்வில் எல்லாவற்றையும்விட உடனடியாக அதிகப் பலன் தந்தது, சரியாக நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். ஒரு மாதத்துக்குப் பிறகும் பலன் இருந்தது, மூன்று மாதத்தில் கரைந்துவிட்டது. கரைந்தால் என்ன, நன்றிக்கு உரியவர்கள் ஒருவர் மட்டுமா?

கேட்டவர்: கோடிட்ட நோட்டு

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நோட்டு இப்போது வாரத்தில் ஒரு நாள்தான், அதிலும் ஒரே நிகழ்ச்சி, காரணத்தோடு. ஒரு வாரம் எழுதத் தோன்றவில்லை, விட்டுவிட்டேன், நோட்டு ஒன்றும் கேட்கவில்லை. கட்டத்தாளில் தெரிந்தது வேறொரு விஷயம்: தனியாகச் செய்த எதுவும் நான்கைத் தாண்டவில்லை, அண்டை வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த இருபது நிமிடம் எட்டு. அதை வாரம் இரண்டு மாலை என்று குறித்துவிட்டேன். அவனுக்குக் கணக்கில் விருப்பம் இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

கடிதமும் எழுதினேன். சக ஊழியருக்கு அன்று, பள்ளியில் எனக்கு மொழிப்பாடம் எடுத்த ஆசிரியைக்கு. அவர் இப்போது இருப்பது வெகு தொலைவில், நேரில் போவதற்கு இந்த ஆண்டு வாய்ப்பில்லை. தொலைபேசியில் வாசித்துக் காட்டினால் போதுமா? முப்பது ஆண்டுக்குப் பிறகு திடீரென்று அழைத்து இதை வாசித்தால் அவருக்குச் சங்கடமாக இருக்காதா?

பதில்: படித்துறை

நேரில் போவது அந்த ஆய்வின் ஏற்பாடு, சட்டம் இல்லை. சங்கடத்தைப் பற்றி 2018-இல் குமார், எப்லி என்ற இருவர் இதையேதான் சோதித்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம், வாங்குபவருக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு, வாங்கியவர்களிடமும் பிறகு கேட்டார்கள். எழுதியவர்கள் சங்கடத்தை அதிகமாகவும், பெறுபவரின் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். எழுதியவர்கள் தங்கள் சொற்கள் சரியாக அமைந்தனவா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க, பெற்றவர்கள் அதிலிருந்த அன்பைத்தான் பார்த்தார்கள்.

அழைத்து முதலில் பெயரைச் சொல்லுங்கள், எந்த ஆண்டு எந்த வகுப்பு என்பதையும் சொல்லுங்கள். முப்பது ஆண்டு என்றால் அவருக்கு நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். வாசித்து முடித்தபின் உடனே பேச்சை மாற்றிவிடாதீர்கள். நம்மில் பலரும் அங்கேதான் அவசரப்பட்டு வேறெதையோ கேட்டுவிடுகிறோம். கடிதத்தின் ஒரு பிரதியைத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள், காதால் கேட்டதை அவர் மறுபடி படிக்க விரும்பக்கூடும்.